ஒன்பதாவது பெயர்

செஞ்சிக் கோட்டையின் வரலாற்றில் மிக நீண்ட அத்தியாயம் ஒரு காத்திருப்பு. மராட்டிய மன்னர் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ற ஆண்டு 1689. அதே ஆண்டின் இறுதியில் சம்பாஜியின் தம்பி ராஜாராம் பன்ஹாளா கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, தெற்கே பல நூறு மைல் கடந்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு முகலாயத் தளபதி சுல்பிகர் கான் படையோடு வந்து கோட்டையை வளைத்தார். கோட்டை முகலாயர் கைக்குப் போனது 1698இன் தொடக்கத்தில். இடையில் ஓடியவை ஏழு ஆண்டுகளுக்கும் மேல்.

அத்தனை காலம் ஒரு கோட்டை தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு ராஜகிரி மலையின் உயரமும் செங்குத்தான பாறைகளும் மட்டும் காரணமல்ல. உள்ளே நெல் சேர்க்கும் களஞ்சியங்கள் இருந்தன, குளங்கள் இருந்தன, மலைமேல் வற்றாத ஊற்று இருந்தது. அதைவிட முக்கியமானது, மராட்டியர்கள் கோட்டைக்குள் அடைந்து கிடந்து நல்ல சேதி வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ராஜாராமின் அரசவை செஞ்சியிலிருந்தே இயங்கியது. வெளியே சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் முகலாயப் படையின் வழிகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். 1693 ஜனவரியில் முற்றுகையிட்டவரே முற்றுகைக்குள் அகப்பட்டது போலாகி, சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பிறகு அவர் திரும்பி வந்து கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் அங்கே இல்லை. கோட்டை போயிற்று, அரசு பிழைத்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்று 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சி.

இன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறொரு வகைக் காத்திருப்பு இருக்கிறது. செஞ்சியிலோ, வளத்தியிலோ, மேல்மலையனூரிலோ நெல்லும் மல்லாட்டையும் போடும் குடும்பத்தில் ஒரு பையன் ராணுவத்தில் அதிகாரியாக வேண்டும் என்று முடிவெடுக்கிறான். பெண்பிள்ளைகளும் இப்போது எடுக்கிறார்கள். தேர்வு எழுதியாகிவிட்டது, அல்லது நேர்முகம் முடிந்து பரிந்துரையும் கிடைத்துவிட்டது, ஆனால் அகாடமியில் சேரும் கடிதம் வரவில்லை. மாதங்கள் போகின்றன. வீட்டில் ஒருவர் கேட்காவிட்டாலும் தெருவில் நாலு பேர் கேட்கிறார்கள். அந்த மாதங்களில் நம்பிக்கையை எப்படிக் காப்பது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் விடை செஞ்சி முற்றுகையின் பாடத்தோடு ஒத்துப்போகிறது: ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வாசலைத் திறந்து வைத்திருப்பவர்களிடம்தான் நம்பிக்கை தங்குகிறது. முதல் வாசல் மூடிய பிறகு அடுத்ததைத் தேடுவது மிகவும் தாமதம்.

அதற்கு முன் ஒரு வரலாற்றுக் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்த வாசல் நம் மக்களுக்கு எவ்வளவு காலம் அடைத்துக் கிடந்தது என்று தெரிந்தால், ஆறு மாதக் காத்திருப்பின் அளவு வேறாகத் தெரியும்.

1761இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்கள் இருவரும் மோதிய கர்நாடகப் போர்களில் இரு பக்கமும் சண்டையிட்ட சிப்பாய்களில் பெரும்பகுதி இந்த மண்ணின் ஆட்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை அவர்களைக் கொண்டே வளர்ந்தது. 1758ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் இந்தியாவின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு. ஆனால் அந்தப் படையில் ஓர் இந்தியன் எவ்வளவு வீரம் காட்டினாலும் சுபேதார் மேஜருக்கு மேலே ஏற முடியாது. நேற்று வந்த வெள்ளை இளைஞன் அவனுக்கு உத்தரவிடுவான். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில்தான், 1917இல், இந்தியர்களுக்கும் அரச ஆணை பெற்ற அதிகாரிப் பதவி உண்டு என்று பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டது. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கினார்கள். டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 1932 அக்டோபரில் தொடங்கியது. செஞ்சி ஆங்கிலேயர் வசமான நாளிலிருந்து கணக்கிட்டால் 171 ஆண்டுகள்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு பின்னடைவும் நேர்ந்தது. 1880களில் முதலில் சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைமை வகித்த ராபர்ட்ஸ் பிரபு, போர்க்குணம் சில இனங்களுக்கே பிறவியில் அமைந்தது என்ற கொள்கையை நம்பியவர். தென்னிந்தியர்களை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. சென்னைப் படையின் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன; முதல் உலகப் போருக்குப் பிறகு அநேகமாக இல்லாமலே போயின. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடி வந்தபோதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்டை மறுபடி கட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவத் தலைமைத் தளபதியான முதல் தமிழர் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை. அவர் ஜமீன் குடும்பத்தவர், தந்தை ப. சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். மகன் இங்கிலாந்தில் ஈட்டனில் படித்து, வூலிச் அகாடமியில் பயிற்சி பெற்று 1933இல் அதிகாரியானார். அந்தக் காலத்தில் அதிகாரியாவதற்கு இருந்த வழி அப்படிப்பட்டது.

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். அத்தனை வீடுகளிலிருந்து பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள். வடமாவட்டங்கள் முழுவதிலும் இப்படிச் சிறிய அளவில் ஊர்கள் உண்டு. இங்கே பட்டாளம் புதிதல்ல. புதிதாக இருப்பது, பட்டாளத்துக்குப் போகும் பிள்ளை சிப்பாயாகத்தான் போக வேண்டும் என்பதில்லை என்ற தகவல். ஓய்வுபெற்ற ஹவில்தாரின் பேத்தி லெப்டினண்டாக முடியும் என்பது இன்னும் பல வீடுகளுக்குச் செய்தியாகவே போய்ச் சேரவில்லை.

இனி இன்றைய காத்திருப்பின் கணக்கு. தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வை, அதாவது என்.டி.ஏ.வை, யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வயது வரை. கணிதத்துக்கு 300, பொதுத் திறனுக்கு 600 மதிப்பெண்கள். எழுத்துத் தேர்வில் தேறியவர்களை எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியம் ஐந்து நாள் வைத்துச் சோதிக்கிறது. அதற்கு 900 மதிப்பெண்கள். லட்சக்கணக்கானோர் எழுதும் இந்தத் தேர்வில் ஒரு முறைக்கு உள்ள இடங்கள் சுமார் 400.

ராணுவத்துக்கான வாரியங்கள் பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், ஜலந்தர் ஆகிய ஊர்களில் இருக்கின்றன. முதல் நாளே பாதிக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம். பையன்கள் இதை ஸ்கிரீன் அவுட் என்கிறார்கள். காலையில் சட்டையில் குத்திய எண்ணை மாலையில் கழற்றிக் கொடுத்துவிட்டு ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். ரயிலே இல்லாத செஞ்சிக்குத் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்வரை ஒருவன் மனதில் என்னென்ன ஓடும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஐந்தாம் நாள்வரை இருந்து, கடைசி அமர்வில் பெயர் வராமல் போகிறவர்கள் கான்ஃபரன்ஸ் அவுட். பெயர் வந்தால் ரெகமண்டட்.

வெளியே இருப்பவர்கள் பலர் ரெகமண்டட் என்றால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கடினமான காத்திருப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ராணுவ மருத்துவமனையில் உடல் தகுதிப் பரிசோதனை. அதில் தற்காலிகமாகத் தகுதியில்லை என்று வந்தால் மேல்முறையீட்டு மருத்துவ வாரியம். பிறகு தகுதிப் பட்டியல். அந்தப் பட்டியலில் அறுநூறு, எழுநூறு பெயர்கள் வருவதுண்டு. இடங்களோ நானூறு சொச்சம். பட்டியலில் பெயர் இருந்தும் இடம் கிடைக்காமல் போவதற்கு மெரிட் அவுட் என்று பெயர். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மருத்துவப் பரிசோதனை முடிவுகளைக் கணக்கில் எடுக்காமலே யு.பி.எஸ்.சி. இந்தப் பட்டியலை வெளியிடுகிறது. மேலே உள்ள சிலர் மருத்துவத்தில் நிற்க மாட்டார்கள், சிலர் பொறியியலோ மருத்துவமோ கிடைத்துப் போய்விடுவார்கள். அதனால் கீழே இருப்பவர் மேலே வரலாம். இந்த அசைவுதான் நம்பிக்கையைக் கொடுக்கிறது. இதுவே தூக்கத்தையும் கெடுக்கிறது. ஐந்நூற்றிச் சொச்சத்தில் பெயர் இருப்பவனுக்கு யாரும் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. அவனுடைய திறமையை எஸ்.எஸ்.பி. ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. மிச்சமிருப்பது இடங்களின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை அவனைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

இந்த இடத்தில் அப்துல் கலாமைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. விமானப்படையில் சேர டேராடூன் தேர்வு வாரியத்தின் முன் 25 பேரில் ஒருவராக நின்றார். எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்தார். மனமுடைந்து ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தரைச் சந்தித்தார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை, பள்ளி விழாக்களில் ஆண்டுதோறும் சொல்லப்படும் கதை. சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் விவரம் ஒன்று உண்டு. எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்த கலாம் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தார். ஒன்று விமானப்படை. மற்றது பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப மேம்பாடு மற்றும் உற்பத்தி இயக்ககம். வடக்கே போன அதே பயணத்தில் முதலில் டெல்லியில் இயக்ககத்தின் நேர்முகத்தை முடித்துவிட்டுத்தான் டேராடூனுக்குப் போனார். ஆகவே ரிஷிகேஷிலிருந்து டெல்லிக்குத் திரும்பியபோது அங்கே அவருக்காகப் பணி ஆணை காத்திருந்தது. 1958இல் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கிருந்துதான் ஏவுகணை வரை போன பாதை தொடங்குகிறது.

ரிஷிகேஷ் சந்திப்பு அவர் மனதைத் தேற்றியது உண்மை. ஆனால் அந்த ஆறுதல் பலித்ததற்குக் காரணம், தோல்விக்கு முன்பே அவர் போட்டு வைத்திருந்த இரண்டாவது விண்ணப்பம். அது இல்லாமல் போயிருந்தால் ஆறுதல் ஆறுதலாகவே நின்றிருக்கும். நம் மேடைகளில் இந்தப் பகுதியை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோற்றவர் துவளாமல் எழுந்தார் என்று மட்டும் சொன்னால், எழுவதற்குக் கையில் என்ன வைத்திருந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது.

உளவியலும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி.ஆர். ஸ்னைடர் 1990களில் நம்பிக்கையைப் பற்றி ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். அவர் பார்வையில் நம்பிக்கை என்பது நல்லது நடக்கும் என்ற உணர்வு மட்டுமல்ல. அதற்கு இரண்டு பாகங்கள்: இலக்கை நோக்கிப் போகும் முனைப்பு, அங்கே போவதற்கான வழிகளைக் காணும் திறன். முனைப்பு நிறைய இருந்து வழி ஒன்றே ஒன்றாக இருந்தால், அந்த வழி அடைபடும் நாளில் முனைப்பும் சேர்ந்து விழுந்துவிடும். பல வழி காண்பவர்கள் தடை வரும்போது பாதையை மாற்றுகிறார்கள், இலக்கைக் கைவிடுவதில்லை. நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு நாம் முனைப்பை ஊட்டுகிற அளவுக்கு வழிகளைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

காத்திருப்பைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த கேட் ஸ்வீனி. வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார். கவலையைக் குறைக்க அவர்கள் கையாண்ட உத்திகள் பெரிதாகப் பலிக்கவில்லை. அந்த மாதங்களை நிம்மதியின்றிக் கழித்தவர்களே, முடிவு பாதகமாக வந்தபோது அதைத் தாங்கிக்கொள்வதில் மேலாக இருந்தார்கள். சாதகமாக வந்தபோது கூடுதலாக மகிழ்ந்தார்கள். காத்திருக்கும்போது கவலைப்படுவது பலவீனம் என்று நினைத்துத் தன்னைத் தானே நொந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். அவருடைய பிந்தைய ஆய்வுகள் சொல்லும் இன்னொன்று, முழுக் கவனத்தையும் இழுத்துக்கொள்ளும் வேலையில் மூழ்குவது காத்திருக்கும் நாட்களைச் சற்று எளிதாக்கும் என்பது. அடுத்த தேர்வுக்குப் படிப்பது அப்படிப்பட்ட வேலைதான். ஒரு பட்டியலுக்காகக் காத்திருக்கும்போதே அடுத்த விண்ணப்பத்தைப் போடுவது மனதுக்கும் மருந்து, எதிர்காலத்துக்கும் முதலீடு.

அப்படியானால் மற்ற வழிகள் எவை? இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இரண்டாவது வழி என்றாலே இரண்டாம் தரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது.

சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியை எடுத்துக்கொள்வோம். செஞ்சியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். 1962 சீனப் போரில் அதிகாரிகளின் பற்றாக்குறை வெட்டவெளிச்சமானதை அடுத்து, 1963இல் அவசரத் தேவைக்காகத் தொடங்கிய பள்ளி அது. 1988இல் அகாடமி என்று பெயர் மாறியது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வு எழுதி இங்கே வரலாம். டேராடூன் அகாடமிக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என மூன்று தாள்கள். சென்னைக்குக் கணிதத் தாள் கிடையாது. தமிழோ வரலாறோ வணிகவியலோ படித்தவர்களுக்கும் திறந்திருக்கும் வாசல் அது. பயிற்சி 49 வாரம்.

அந்த வாசல் வழியாக வந்தவர்களில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழர், அறிவியல் பட்டதாரி. 1972 ஜூனில் அதிகாரியாகப் பொறுப்பேற்றபோது அவர் 26 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். என்.டி.ஏ. வயது கடந்து ஆறாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மஹார் ரெஜிமெண்டில் பணியாற்றி, 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் அமைதிப்படை நடவடிக்கையில் உயிர்நீத்தார். அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அமைதிப்படை இலங்கைக்குப் போனது பற்றித் தமிழர்களுக்குள் ஆறாத காயங்கள் உண்டு. அந்த விவாதம் தனியாக நடக்க வேண்டியது. இங்கே சொல்ல வந்தது இதுதான்: நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருது, குறுகிய காலப் பணிக்கென்று ஏற்பட்ட பள்ளியில் பயின்ற ஒருவருக்குக் கிடைத்தது. பரங்கிமலை அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மேஜர் முகுந்த் வரதராஜனும் அங்கே பயின்றவர்தான். வணிகவியல் படித்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயம் முடித்து, அதன் பிறகு 2006இல் அதிகாரியானவர். 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியானில் வீரமரணம் அடைந்தார். அசோக சக்ரா பெற்றார். 2024இல் வந்த அமரன் திரைப்படம் அவர் பெயரைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊருக்கும் கொண்டுபோயிற்று. படம் பார்த்துவிட்டு அதிகாரியாக ஆசைப்பட்ட பிள்ளைகள், அவர் படித்தது வணிகவியல் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பீல்டு மார்ஷல் மானெக்ஷாவின் கதை இன்னும் விசித்திரம். லண்டனில் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். தந்தை அனுப்ப மறுத்தார். அந்தக் கோபத்தில் எழுதிய தேர்வுதான் 1932இல் டேராடூன் அகாடமியின் முதல் அணியில் இருந்த நாற்பது பேரில் ஒருவராக அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாம் முதல் வழி என்று தவம் கிடக்கும் அகாடமி அவருக்கு மாற்று வழி. கடைசிக் காலத்தைக் குன்னூரில் கழித்து, 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார்.

வழிகள் இன்னும் உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கு டெக்னிக்கல் என்ட்ரி, யு.பி.எஸ்.சி. தேர்வு இல்லாமல், ஜே.இ.இ. மதிப்பெண்ணை வைத்து நேராக எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள். பொறியியல் பட்டதாரிகளுக்கும் சட்டப் பட்டதாரிகளுக்கும் தனித்தனி நுழைவுகள். விமானப்படைக்கு ஆஃப்கேட் தேர்வு. கடலோரக் காவல்படையில் உதவி கமாண்டன்ட். எல்லைக் காவல் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவற்றில் உதவி கமாண்டன்ட் பதவிக்கு யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு ஒரு முறை நடத்தும் தேர்வு. நீட் எழுதி புனே ராணுவ மருத்துவக் கல்லூரி. கல்லூரியில் என்.சி.சி.யில் மூன்றாண்டு இருந்து சி சான்றிதழ் வாங்கியவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாத சிறப்பு நுழைவு. இந்தக் கடைசி வழியை நம் பகுதி அரசுக் கல்லூரி மாணவர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். சனிக்கிழமை பரேடுக்குப் போனால் சிற்றுண்டி கிடைக்கும் என்ற அளவில் என்.சி.சி.யைப் பார்த்துவிட்டு, மூன்றாமாண்டில் சான்றிதழ் தேர்வுக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்கள்.

சிப்பாயாகச் சேர்ந்தவர்களுக்கும் ஏணி இருக்கிறது. பணியில் இருந்துகொண்டே தேர்வு எழுதி, டேராடூனில் உள்ள ராணுவ கேடட் கல்லூரி வழியாக அதிகாரியாகலாம். 1971 போரில் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ஹோஷியார் சிங் முதலில் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர். பட்டாளத்து மரபுள்ள நம் வடமாவட்டக் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும் வழி.

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். இந்தத் துறையில் நம்பிக்கைக்கு வயது வரம்பு உண்டு. என்.டி.ஏ.வுக்குப் பத்தொன்பதரை, டேராடூனுக்கு 24, சென்னைக்கு 25. இதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். அதைக் கடந்தால் ஒரு நாளும் கூட்டித் தர மாட்டார்கள். சென்னை அகாடமி வழியாகக் கிடைக்கும் குறுகிய காலப் பணி என்பது பத்து ஆண்டு, நீட்டித்தால் இன்னும் நான்கு ஆண்டு. நிரந்தரப் பணி கிடைக்காமல் அதோடு வெளியே வருபவர்களுக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். கண்பார்வை, நிறம் பிரித்தறிதல் போன்ற சில உடல் காரணங்களைப் பயிற்சியால் மாற்ற முடியாது. ஆகவே முதல் விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு மருத்துவரிடம் காட்டி விடுவது நல்லது. மூன்று ஆண்டு படித்துவிட்டுக் கடைசிக் கட்டத்தில் அதைக் கேட்பது கொடுமை. பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வருபவர் யாராக இருந்தாலும், சொந்த மாமனாக இருந்தாலும், நம்பக் கூடாது. யு.பி.எஸ்.சி.க்கும் எஸ்.எஸ்.பி.க்கும் இடைத்தரகர் இல்லை. நிலத்தை அடகு வைத்து ஏமாந்த குடும்பம் பணத்தை மட்டுமா இழக்கிறது?

பட்டப்படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமாகக் காத்திருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. சி.டி.எஸ்., ஆஃப்கேட், என்.சி.சி. நுழைவு எல்லாமே பட்டம் கேட்பவை. படிப்பு தொடர்ந்தால் மாற்று வழிகளும் உயிரோடு இருக்கும். எஸ்.எஸ்.பி. சோதிப்பதும் ஒருவன் எத்தனை நாள் தவம் கிடந்தான் என்பதை அல்ல. ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்கிறார்கள். ஒரு சொல்லைக் காட்டி 15 விநாடியில் மனதில் பட்டதை எழுதச் சொல்கிறார்கள். இப்படி 60 சொற்கள். முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேரோடு ஒரு தடையைத் தாண்டச் சொல்கிறார்கள். வாழ்ந்த அனுபவம் உள்ளவனிடம்தான் எழுதுவதற்குக் கதை இருக்கும். செஞ்சி கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்) அப்பாவோடு நெல் மூட்டை இறக்கி, எடை பார்த்து, விலை பேசி நின்ற பிள்ளைக்கு மனிதர்களைக் கையாளத் தெரியும். அதைச் சொல்லும் மொழிதான் அவனுக்குக் கைவர வேண்டும்.

மொழியே நம் பிள்ளைகளின் பெரிய இடர். யு.பி.எஸ்.சி. இந்தத் தேர்வுகளின் தாள்களை ஆங்கிலத்திலும் இந்தியிலும் தருகிறது, தமிழில் இல்லை. இந்தி தெரிந்த மாணவன் தாய்மொழியில் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளும்போது, வளத்தி அரசுப் பள்ளி மாணவன் அயல்மொழியில் படிக்கிறான். இது அநீதி என்றே நான் கருதுகிறேன். இதற்காகக் குரல் எழுப்ப வேண்டும். ஆனால் அந்த நியாயம் கிடைக்கும்வரை பதினாறு வயதுப் பிள்ளையை நிறுத்தி வைக்க முடியாது. தினமும் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தித்தாளை உரக்கப் படிக்கவும், நண்பர்கள் நாலு பேர் கூடி ஒரு பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிப் பழகவும் செலவு ஏதுமில்லை.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவால் என்.டி.ஏ. தேர்வு பெண்களுக்கும் திறந்தது. 2022இல் சேர்ந்த முதல் பெண்கள் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். இனி அந்த வாசல் மூடப்போவதில்லை.

தகவல் எப்போது வந்து சேர்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பதினோராம் வகுப்பிலேயே என்.டி.ஏ. பற்றித் தெரிந்தவனுக்கு நாலைந்து வாய்ப்புகள் கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்த பிறகு யாரோ சொல்லித் தெரிந்தவனுக்கு ஒன்றோ இரண்டோ. வாய்ப்புகள் குறையும்போது ஒவ்வொரு பட்டியலும் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. காத்திருப்பு தாங்க முடியாததாகிறது. உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962இலிருந்து இருக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழையலாம். டேராடூனின் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரிக்கு எட்டாம் வகுப்பில் சேர்வதற்கான எழுத்துத் தேர்வைத் தமிழ்நாட்டில் நடத்துவது நமக்கு நன்கு தெரிந்த டி.என்.பி.எஸ்.சி.தான். குரூப் நான்கு தேர்வு அறிவிப்பை வரிவிடாமல் படிக்கும் நம் வீடுகளில் இந்த அறிவிப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

செஞ்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பணியாற்றும் ஆசிரியர்களிடமும், ஓய்வுபெற்று ஊர் திரும்பிய படைவீரர்களிடமும் ஒரு வேண்டுகோள். என்.டி.ஏ., சி.டி.எஸ். அறிவிப்புகள் ஆண்டுக்கு இரு முறை யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் வெளியாகின்றன. அவை வந்த அன்றே வயது வரம்பையும் கடைசித் தேதியையும் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும், நூலகத்திலும், பேருந்து நிலையத்திலும் ஒட்டுங்கள். காத்திருக்கும் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். அடுத்து எதற்கு விண்ணப்பித்திருக்கிறாய் என்று கேளுங்கள். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் கூட உட்கார்ந்து விண்ணப்பிக்க உதவுங்கள்.